திங்கட்கிழமை ராத்திரி

1965 செப்டம்பர். கும்பகோணத்தில் ஹாஸ்டலில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். முதல் ரேங்க் எனக்கா, மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்த அவனுக்கா என்று தீராத போட்டி. அரை மார்க்குக்காக வாத்தியார் வீட்டு வாசல்வரை போய் நிற்பான். நானும் லேசுப்பட்டவன் இல்லை.

பாகிஸ்தானோடு போர் மூண்ட வருஷம் அது. வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் சாஸ்திரி கேட்டுக்கொண்டார். எங்கள் ஹாஸ்டலில் திங்கட்கிழமை ராத்திரி அடுப்பு மூட்டவில்லை. சுற்றிலும் குறுவை அறுப்பு, எங்களுக்கோ வெறும் தண்ணீர். பதினாலு வயசுப் பசி சாதாரணமா! அதிலும் யார் வாய்விட்டுச் சொல்லாமல் தாங்குகிறார்கள் என்று இருவருக்கும் போட்டி.

அவன் அண்ணன் பஞ்சாப் எல்லையில் இருந்தார். வார்டன் அறை ரேடியோவில் செய்தி முடியும்வரை ஜன்னல் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பான். உள்ளங்கை முழுக்கத் துரு. செப்டம்பர் 23 சண்டை நின்றது. கடிதம் மட்டும் வரவில்லை.

காலாண்டுத் தேர்வில் கணக்கில் எனக்கு 94, அவனுக்கு 61. அவ்வளவு ஆசைப்பட்ட முதல் ரேங்க், கையில் வந்தபோது யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை இன்லண்ட் லெட்டர் வந்தது. அண்ணன் கையெழுத்துதான். அன்று ராத்திரி டிரங்குப் பெட்டியிலிருந்து பொரிவிளங்காய் உருண்டை ஒன்றை எடுத்து, படிக்கட்டில் வைத்துக் கல்லால் உடைத்தான். பெரிய துண்டை என்னிடம் நீட்டினான்.

“அரையாண்டுல பாத்துக்கலாம்டா.”

பார்த்துக்கொண்டான். அரையாண்டில் அவன்தான் முதல்.