அரையா, ஒன்றா, இரண்டா?

நர்சிங் படிப்பில் ஃபார்மகாலஜி, அதாவது மருந்தியல் தேர்வில் எனக்கு நல்ல மதிப்பெண்தான். டிஜாக்ஸின் என்ற இதய மருந்தைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பேன்: கொடுக்கும் முன் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்து முழுதாக ஒரு நிமிடம் இதயத்துடிப்பை எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் வைத்துவிட்டு டாக்டரிடம் சொல்ல வேண்டும், குமட்டலும் பசியின்மையும் பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிவதும் மருந்து உடம்பில் கூடிவிட்டதன் அறிகுறி, ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். இத்தனையும் தெரிந்த நான்தான் வார்டு பயிற்சியின் இரண்டாவது மாதத்தில் ஒரு பாட்டியின் படுக்கையருகே இரண்டு முழு மாத்திரைகளோடு போய் நின்றேன்.

ஆர்டர் 0.125 மில்லிகிராம். கையில் இருந்தது 0.25 மில்லிகிராம் மாத்திரை. வேண்டியதை இருப்பதால் வகுக்க வேண்டும், நான் அவசரத்தில் தலைகீழாக வகுத்துவிட்டேன். விடை இரண்டு. அழகாக முழு எண் வந்ததால் சந்தேகமே வரவில்லை. கைப்பட்டையில் பெயரைப் பார்த்தேன், துடிப்பை எண்ணினேன், 72, எல்லாம் சரி. பாட்டி மட்டும் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டு, “தினமும் பாதிதானே கண்ணு தருவாங்க, இன்னைக்கு என்ன ரெண்டு முழுசா இருக்கு?” என்றார்.

“டாக்டர் மாத்தியிருப்பார் பாட்டி” என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. ஏன் சொல்லவில்லை என்று இன்றைக்கும் தெரியவில்லை. கிண்ணத்தோடு திரும்பிப் போய் சார்ட்டைப் பார்த்தால், நான் கொண்டுபோனது நான்கு மடங்கு டோஸ். வேலை செய்யும் அளவுக்கும் விஷமாகும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவான மருந்து அது, போதாததற்கு அவர் ஃப்யூரோசிமைடு என்ற நீர் மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், அது சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும்.

மூத்த சிஸ்டர் திட்டவில்லை. “கணக்கைத் தப்பாப் போட்டே, சரி. போடறதுக்கு முன்னாடி அரையா, ஒண்ணா, ரெண்டான்னு ஒரு தடவை யோசிச்சியா?” என்று மட்டும் கேட்டார். யோசிக்கவில்லை. வேண்டியது இருப்பதைவிடச் சின்ன எண், அப்படியென்றால் விடை ஒன்றுக்குக் குறைவாகத்தானே வர வேண்டும்? பேனாவே தேவையில்லை.

சரியான நோயாளி, மருந்து, அளவு, வழி, நேரம் என்று ஐந்தையும் எல்லோரும் மனப்பாடம் செய்கிறோம், பதிவு செய்வதையும் சேர்த்து ஆறு என்பார்கள். அலமாரியிலிருந்து எடுக்கும்போது, தயார் செய்யும்போது, படுக்கையருகே கொடுக்கும் முன் என மூன்று முறை லேபிளைப் படிக்கவும் சொல்வார்கள். நானும் படித்தேன். மூன்று முறையும் மருந்தின் பெயர்தான் கண்ணில் பட்டது, அளவு இல்லை. இந்தச் சரிபார்ப்பெல்லாம் வாயால் ஓடிக்கொண்டே இருக்கும்போது மனது வேறெங்கோ இருக்க முடியும் என்பதை எந்த வகுப்பிலும் அழுத்திச் சொல்வதில்லை என்பது என் புகார்.

அன்றிலிருந்து எந்தக் கணக்குக்கும் முதலில் குத்துமதிப்பாக ஒரு விடை. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் சிரப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 12 கிலோ குழந்தை, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று ஆர்டர், ஆக 180. பாட்டிலில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் என்றிருந்தால், 180 என்பது ஒன்றரை மடங்கு, 7.5 மில்லி. ஆனால் இதே சிரப் 5 மில்லிக்கு 250 மில்லிகிராம் என்றும் வருகிறது. அப்போது 5 மில்லியே அதிகம், 3.6 மில்லிதான் வேண்டும். முந்தைய பாட்டில் ஞாபகத்தில் 7.5 மில்லி ஊற்றினால் 375 மில்லிகிராம் போய்விடும், இரண்டு மடங்குக்கும் மேல். அதனால்தான் “ஒரு ஸ்பூன் கொடுங்க” என்று யாராவது சொன்னால் எனக்குப் பதறும். மில்லிகிராமைச் சொல்லுங்கள், பாட்டிலைக் காட்டுங்கள், அப்புறம் பார்ப்போம்.

ட்ரிப்புக்கும் அப்படித்தான். 500 மில்லி, நான்கு மணி நேரம், மில்லிக்கு 20 சொட்டு விடும் செட். மணிக்கு 125, நிமிடத்துக்கு இரண்டு மில்லிக்குக் கொஞ்சம் மேல், அப்படியானால் நாற்பது சொட்டுக்கு அருகில் ஏதோ வர வேண்டும். சூத்திரத்தில் போட்டால் 42. மில்லிக்கு 60 சொட்டு விடும் மைக்ரோ செட் என்றால் இதுவே 125 சொட்டு. எந்த செட் மாட்டியிருக்கிறது என்று பார்க்காமல் 20 சொட்டு செட்டில் 125 சொட்டு ஓடவிட்டால் நான்கு மணி நேரத்துக்கான பை 80 நிமிடத்தில் காலி. இதயம் பலவீனமாக இருப்பவருக்கு அது சின்ன விஷயமே இல்லை.

இன்சுலின் தனிக் கதை. ஒரு மில்லியில் 100 யூனிட் உள்ள குப்பி என்றால் 8 யூனிட் என்பது 0.08 மில்லி, கண்ணுக்கே சரியாகத் தெரியாத அளவு. சாதாரண சிரிஞ்சில் எடுக்கப் போய் 0.8 வரை இழுத்தால் 80 யூனிட். இன்சுலின் சிரிஞ்சைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள். ஆர்டரில் “யூனிட்” என்று முழுதாக எழுதச் சொல்வதும் இதனால்தான், “U” என்று ஒற்றை ஆங்கில எழுத்தாகக் கிறுக்கினால் அது பூஜ்யமாகத் தெரிந்து 8 என்பது 80 ஆகிவிடும். 5.0 என்று எழுதினால் புள்ளி தெரியாமல் 50 ஆகும், .5 என்று எழுதினால் 5 ஆகும். 5 என்றும் 0.5 என்றும் எழுதுங்கள்.

மருந்துகளை எப்படிப் படிப்பது என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். பெயரின் வாலைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. “ப்ரில்” என்று முடியும் ரத்த அழுத்த மருந்து என்றால் ரத்த அழுத்தமும் பொட்டாசியமும் பார்க்கணும், வறட்டு இருமலைக் கேட்கணும், உதடோ நாக்கோ வீங்கினால் உடனே கூப்பிடணும். “லால்” என்று முடியும், இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் என்றால் நாடியும் ரத்த அழுத்தமும். நான் நோட்டில் ஒவ்வொரு மருந்துக்கும் இரண்டே வரிதான் வைத்திருந்தேன்: கொடுக்கும் முன் எதைப் பார்ப்பேன், கொடுத்த பின் எதைப் பார்ப்பேன். மார்ஃபினுக்கு இரண்டிலும் முதல் வார்த்தை “மூச்சு”, ஓரத்தில் அதை முறிக்கும் மருந்தான நலோக்ஸோன்.

இன்னொருவர் சிரிஞ்சில் ஏற்றி வைத்த மருந்தை நான் போடுவதில்லை, முகம் சுளித்தாலும் பரவாயில்லை. மெதுவாகக் கரைய வேண்டிய மாத்திரையைப் பொடித்து, உணவு செலுத்தும் குழாயில் விடச் சொன்னால் ஃபார்மசியைக் கேட்காமல் செய்வதில்லை. கொடுக்கும் முன்பே சார்ட்டில் கையெழுத்துப் போடுவதும் இல்லை.

தவறு நடந்துவிட்டால்? அந்தப் பாட்டி மாத்திரைகளை விழுங்கியிருந்தால் முதல் வேலை என் பயத்தைச் சமாளிப்பது இல்லை, அவர் பக்கத்தில் நிற்பது. துடிப்பு, ரத்த அழுத்தம், என்ன செய்கிறது என்று அவரிடமே கேட்பது, அப்படியே பொறுப்பு நர்ஸையும் டாக்டரையும் கூப்பிட்டு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று மழுப்பாமல் சொல்வது. தவறைப் பதியும் ஃபார்ம் நிரப்புவது அதற்கப்புறம்.