இரண்டாம் வரிசையில் நிற்பவர்கள்

கொங்கு நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் முதலாளிகளின் கதையையே சொல்கிறோம். கட்டிங் மாஸ்டராக வேலைக்குச் சேர்ந்து, நாலு பவர்டேபிள் (மோட்டாரில் ஓடும் தையல் மெஷின்கள்) போட்டு, ஜாப் ஒர்க் (பிறர் ஆர்டரைக் கூலிக்குச் செய்துகொடுப்பது) எடுத்து, பிறகு சொந்தமாக ஏற்றுமதி செய்யும் நிலைக்கு உயர்ந்தவர்கள் திருப்பூரில் ஏராளம். அவர்களுடைய உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆனால் அந்த ஒரு கதையே ஓயாமல் சொல்லப்படுவதால், இன்னொருவரிடம் வேலை பார்ப்பது என்பது தனியாகத் தொழில் தொடங்கும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டிய இடைக்காலம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போய்விட்டது. கடைசிவரை ஒரு நிறுவனத்தின் இரண்டாம், மூன்றாம் வரிசையில் நின்று அதைத் தாங்குபவருக்குத் தனியாக ஒரு திறமையும் அறமும் உண்டு. பனியன் கம்பெனிகளின் உற்பத்திப் பிரிவிலேயே காலம் கழித்தவன் என்ற முறையில் அதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

1988-இல் ராபர்ட் கெல்லி என்ற மேலாண்மை அறிஞர் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரையில், தலைவருக்குக் கீழே வேலை செய்பவர்களை எடைபோட இரண்டு அளவுகோல்களை முன்வைத்தார். ஒருவர் சொந்தமாகச் சிந்திக்கிறாரா என்பது ஒன்று. வேலையில் முனைப்போடு இறங்குகிறாரா என்பது மற்றொன்று. சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு ஓடியாடி வேலை செய்பவரிடம் முனைப்பு உண்டு, சிந்தனை இல்லை. குறைகளையெல்லாம் துல்லியமாகக் கண்டறிந்து அவற்றை டீக்கடையில் மட்டும் பேசுபவரிடம் சிந்தனை உண்டு, முனைப்பு இல்லை. நம் ஊரில் அதிகம் வீணாகிறவர்கள் இந்த இரண்டாம் வகையினர்தான் என்பது என் கணிப்பு. ஒரு ஆர்டருக்குத் துணி பற்றாது என்பது கட்டிங் டேபிளில் நிற்பவருக்கு முதல் விரிப்பிலேயே தெரிந்துவிடும். அலுவலகத்துக்கு அது தெரியவருவதோ சரக்கு ஏற்ற வேண்டிய வாரத்தில்தான்.

இரண்டும் சேர்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு நான் கண்ட ஒருவரைச் சொல்கிறேன். குழந்தைகள் உடுப்பு தைக்கும் ஒரு யூனிட்டில் ஊசிப் பதிவேட்டைக் கவனித்துவந்த பெண் அவர். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து, ஒன்றுசேர்த்துப் பார்த்து, முழு ஊசியும் இருக்கிறது என்று உறுதியான பிறகு பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டிவிட்டுத்தான் புது ஊசி கொடுக்க வேண்டும் என்பது விதி. துணிக்குள் சிக்கிய ஒரு சிறு முனை, எங்கோ ஒரு குழந்தையின் கழுத்தில் குத்தக்கூடும் என்பதே அதற்குக் காரணம். ஒரு நாள் மாலை, வண்டி வாசலில் நிற்கும் நேரத்தில், ஓவர்லாக் மெஷினில் ஊசி உடைந்தது, முனை கிடைக்கவில்லை. புது ஊசியைக் கொடுத்து லைனை ஓட்டும்படி சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார். “முனை கெடைக்கட்டுங்கண்ணா, அப்புறம் தர்றனுங்க. நீங்க வேணும்னா அந்த பண்டலத் தனியா எடுத்து வெச்சிருங்க, மத்தத ஏத்திரலாம்” என்று அந்தப் பெண் சொன்னார். குரலும் உயரவில்லை, மரியாதையும் குறையவில்லை. அந்தப் பண்டல் மட்டும் மெட்டல் டிடெக்டருக்குப் போனது. முனை ஒரு சட்டையின் பக்கத் தையலுக்குள் கிடந்தது. எனக்குப் பெரிதாகத் தோன்றியது அவர் மறுத்ததைவிட, மறுத்த அதே மூச்சில் சரக்கு போவதற்கும் ஒரு வழி சொன்னதுதான்.

இப்படிச் சொல்ல ஆளில்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை நொய்யல் ஆறு நமக்குக் காட்டியிருக்கிறது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குளமாக மாறி, கீழே இருந்த தோட்டங்களும் கிணறுகளும் கெட்டன. கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கழிவுநீர் ஆற்றுக்குப் போன ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவருடைய கை வால்வைத் திறந்திருக்கிறது. நாள் கூலிக்கு நின்ற அந்தக் கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு மேலே மேனேஜர் இருந்தார், லேப் பார்த்தவர் இருந்தார், கணக்கு எழுதியவர் இருந்தார்; நீரில் உப்பு எவ்வளவு என்பதும் சுத்திகரிக்க எவ்வளவு செலவாகும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அவர்களில் பலர் பேசியிருந்தால் முதலாளிக்கு அன்று கசந்திருக்கும். பேசாமல் இருந்ததை விசுவாசம் என்று நினைத்தார்கள்; அந்த விசுவாசம் பட்டறையையும் காக்கவில்லை, அதை நம்பியிருந்த குடும்பங்களையும் காக்கவில்லை.

எதற்கெடுத்தாலும் எதிர்த்து நிற்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்த ஆர்டரை எடுப்பது, எந்தத் தேதியை ஒப்புக்கொள்வது, எந்த விலைக்குப் போவது என்பவை முதலாளி முடிவு செய்ய வேண்டியவை, நட்டமும் அவருடையது. அங்கே நம் கடமை, நிட்டிங் (துணி பின்னுவது), சாயம், காம்பாக்டிங் (துணி பிறகு சுருங்காதபடி இறுக்குவது) ஆகியவற்றுக்கு ஆகும் நாட்களை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, பத்துப் பேர் முன்னிலையில் அல்லாமல் தனியாகப் போய், காலத்தோடு சொல்வது. அவர் வேறு விதமாக முடிவெடுத்தால், “நான் அப்பவே சொன்னேன்” என்று காத்திருக்காமல் அந்த முடிவை நிறைவேற்ற முழு மனதோடு உழைப்பது. ஆனால் ஆடிட்டுக்காக ஓவர்டைம் பதிவேட்டைப் பொய்யாக எழுதச் சொன்னாலோ, கழிவைத் திறந்துவிடச் சொன்னாலோ, பூட்டிய அவசர வழியைக் கண்டும் காணாமல் இருக்கச் சொன்னாலோ, சொல்லிவிட்டோம் என்று ஒதுங்கிக்கொள்வது போதாது. அங்கே கையெழுத்துப் போடாமல் இருக்கவும் தெரிய வேண்டும்.

இதற்கு விலை உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடிப்பதற்கு முந்தைய இரவு, கடுங்குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையங்கள் சரியாக இறுகாது என்று ரோஜர் பாய்ஸ்ஜாலி உள்ளிட்ட பொறியாளர்கள் தரவுகளோடு வாதிட்டார்கள். அவர்களுடைய நிர்வாகமே அதை ஒதுக்கித் தள்ளியது. 7 பேர் இறந்தார்கள். பின்னால் நிற்பவர்கள் செய்ய வேண்டியதைச் செய்தும், முன்னால் இருப்பவர் காது கொடுக்காவிட்டால் பயனில்லை.

ஆகவே முதலாளிகளிடம் ஒரு கோரிக்கை வைக்கிறேன். பீஸ் ரேட்டுக்கு, அதாவது தைத்த எண்ணிக்கைக்கு ஏற்ற கூலிக்குத் தைப்பவர், உடைந்த ஊசிமுனையைத் தரையில் குனிந்து தேடும் நேரமெல்லாம் தன் கூலியை இழக்கிறார். நேர்மையாகத் தேடுபவருக்குக் கூலி குறைகிறது, தேடாமல் மறைப்பவருக்கு அன்றைய கணக்கு நிறைகிறது என்றால், எந்த நோட்டீஸ் போர்டும் அந்த விதியைக் காப்பாற்றாது. அந்த நிமிடங்களையும் கூலிக் கணக்கில் சேருங்கள்.