பள்ளிப் பழத்தோட்டம்: இரண்டாவது கோடையும் கடந்தது

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்தபோது ஆலங்குடி வட்டாரத்தில் சாய்ந்த மரங்களுக்குக் கணக்கே இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளியின் பலாவும் இரண்டு மாமரங்களும் அதில் போயின. அதன்பின் ஏறக்குறைய ஐந்து வருடம் அந்த இடம் பொட்டலாகவே கிடந்தது. 2023 ஜூனில், என் மகள் ஆறாம் வகுப்புக்குப் போன கையோடு தலைமை ஆசிரியரைப் பார்த்துப் பேசினேன். "கன்று வைக்க நூறு பேர் வருவார்கள். மே மாதம் தண்ணீர் ஊற்ற யார் வருவார்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் ஒரு கன்றுக்கு ஒரு குடும்பம் என்று முடிவு செய்தோம். பதினெட்டுக் குடும்பங்கள் பெயர் கொடுத்தன.

எட்டு கொய்யா, ஆறு ஒட்டு மா, நான்கு பலா. கொய்யாவுக்கு இருபது அடி, மாவுக்கும் பலாவுக்கும் முப்பது அடி இடைவெளி. கயிற்றில் முடிச்சுப் போட்டுப் பிள்ளைகளே அளந்தார்கள். குழியின் அடியில் தேங்காய் மட்டைகளை நார்ப்பக்கம் மேலே இருக்கும்படி அடுக்கினோம். எங்கள் ஊரில் தென்னைக்குச் செய்வதுதான், மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மேலே தொழுவுரமும், கரையானுக்காக வேப்பம் புண்ணாக்கும்.

பலாவுக்கு மட்டும் கன்று வாங்கவில்லை. பலாவின் ஆணிவேர் பையில் வளரும்போதே சுருண்டுவிடும், பிடுங்கி நட்டால் எளிதில் அறுந்தும்விடும். விதையையே குழியில் ஊன்றிவிட்டால் வேர் தன் போக்கில் கீழே இறங்கும். ஆனால் பலா விதை காய்ந்தால் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். அதனால் வீட்டில் பழம் அறுத்த மறுநாளே விதையைக் கொண்டுவரச் சொன்னோம். ஒரு மாணவனின் அப்பத்தா, புயலில் விழாத தன் வீட்டு மரத்தின் விதைகளை முந்தானையில் முடிந்துகொண்டு தானே வந்துவிட்டார். "இது தேன் மாதிரி இருக்கும், வேற விதையைக் கலந்துவிடாதே அப்பா" என்று அவர் சொன்னதற்காகவே நான்கு குழியிலும் அந்த விதையையே ஊன்றினோம். ஒரு நாள் ஊறவைத்து, குழிக்கு மூன்று வீதம். மூன்றாவது வாரம் முளைத்தன. வலுவான ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைக் கிள்ளச் சொன்னபோது பிள்ளைகள் மனம் வராமல் நின்றார்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அடுத்த ஆண்டே போய்விடுவார்கள். அவர்களும் ஒரு பழம் தின்னட்டும் என்று நான்கு பப்பாளியும் வைத்தோம். இடம் பார்த்தது என் தவறு. மைதானத்தின் தாழ்ந்த மூலை அது. நவம்பர் மழையில் இரண்டு நாள் தண்ணீர் நின்றது, நான்கும் தண்டு அழுகிச் சாய்ந்தன. பப்பாளிக்கு மேடான இடம்தான் வேண்டும்.

மாவில் வேறு சிக்கல். இரண்டு கன்றுகள் ஆறு மாதமாகியும் தளிர்க்காமல் நின்றன. ஒட்டுக் கட்டிய பாலிதீன் நாடாவை யாரும் அவிழ்க்கவில்லை; அது தண்டை இறுக்கியிருந்தது. அறுத்துவிட்டதும் தளிர் வந்தது. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் தளிர்களை வாரம் ஒருமுறை கிள்ளும் வேலையும் பிள்ளைகளுடையது.

முதல் மே மாதம் இரண்டு மாங்கன்றுகள் காய்ந்தன. அந்த இரண்டு குடும்பமும் விடுமுறையில் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தன. பிழைப்புக்குப் போனவர்களை எப்படிக் குறை சொல்வது? ஒரு கன்றுக்கு ஒரே குடும்பம் என்று நாங்கள் வகுத்ததுதான் போதவில்லை. இந்த ஆண்டு இரண்டு குடும்பங்களை ஜோடி சேர்த்தோம். அடியில் துளையிட்டுப் பருத்தித் திரி செருகிய பானையைக் கன்றோரம் புதைத்தோம். ஒருமுறை நிரப்பினால் மூன்று நாள் தாங்கியது. பதினாறும் உயிரோடு இருக்கின்றன.

கொய்யாவில் சென்ற ஆண்டுப் பூக்களைக் கிள்ளிவிட்டோம். இந்த ஜூனில் எட்டில் மூன்று மரங்கள் காய்த்தன, மூன்றிலுமாகப் பதினான்கு பழங்கள். பப்பாளி கிடைக்காமல் போன அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பினோம். ஒன்பது பேர் உயர்நிலைப் பள்ளிச் சீருடையோடு வந்தார்கள். அவர்களுக்குக் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் தொட்டார்கள்.

மா காய்ந்த இரண்டு குழிகளிலும் பலாவே வைப்பதாக முடிவு. அப்பத்தா வீட்டு விதைகள் நேற்று மாலை வந்துவிட்டன, வாளியில் ஊறிக்கொண்டிருக்கின்றன.