விலங்கு பெப்டைடுகளை ஒப்பிடும் எம்.எஸ்சி. புராஜெக்ட்: எங்கெல்லாம் சறுக்கும்?

நுண்ணுயிர் எதிர்ப்பு பெப்டைடுகளை (பாக்டீரியாவைக் கொல்லும் குட்டிப் புரதங்களை) ஒப்பிடப் போகிறவர்கள் பத்துப் பதினைந்து பெயர்களை அடுக்க வேண்டாம். நான்கு போதும்: ஆப்பிரிக்க நகத்தவளையின் மகைனின்-2 (23 அமினோ அமிலங்கள்), தேனீ நஞ்சின் மெலிட்டின் (26), மாட்டின் இண்டோலிசிடின் (13), மனித எல்எல்-37 (37). இவை நான்கிலும் டைசல்ஃபைடு பாலம் (இரு கந்தக அணுக்களுக்கிடையிலான பிணைப்பு) கிடையாது. பன்றியின் புரோட்டெக்ரின்-1, லாட நண்டின் டாக்கிப்லெசின் இரண்டிலும் தலா 2 பாலங்கள் உண்டு. பாலம் தவறாகச் சேர்ந்தால் அளப்பது வேறொரு பொருளை. முதல் புராஜெக்ட்டுக்கு அந்த வம்பு எதற்கு? நிசின், பாலிமிக்சின் இரண்டும் பாக்டீரியாவின் சரக்கு. இந்தப் பட்டியலில் சேர்த்தால் வைவாவில் மாட்டிக்கொள்வீர்கள்.

எம்ஐசியை, அதாவது பாக்டீரியா வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த செறிவை, மைக்ரோகிராமில் ஒப்பிடுவதுதான் பெரிய ஓட்டை. மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்பது இண்டோலிசிடினுக்குச் சுமார் 4.2 மைக்ரோமோலார், எல்எல்-37க்கு 1.8 மட்டுமே. மைக்ரோமோலாருக்கு மாற்றிய பிறகே அட்டவணை போடுங்கள். எடையையும் அப்படியே நம்பக் கூடாது: குப்பியில் உள்ள தூளில் டிஎஃப்ஏ (தயாரிப்பில் மிஞ்சும் அமிலம்) உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும். சான்றிதழில் தூய்மை 95% என்று இருந்தாலும் நிகர பெப்டைடு அளவு அதைவிடக் குறைவாக இருக்கும். அதைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை அளந்து செறிவைச் சரிபார்ப்பது டிரிப்டோஃபேன் உள்ள மெலிட்டினுக்கும் இண்டோலிசிடினுக்கும்தான் உதவும். மற்ற இரண்டிலும் டிரிப்டோஃபேனும் இல்லை, டைரோசினும் இல்லை.

எம்ஐசி அளக்கும் குழித் தட்டு (பிளேட்) பாலிபுரோப்பிலீனாக இருக்கட்டும். சாதாரண பாலிஸ்டைரீன் சுவரில் நேர்மின்சுமை பெப்டைடு ஒட்டிக்கொள்ளும்; எம்ஐசி பொய்யாக உயர்ந்து தெரியும். 0.01% அசிட்டிக் அமிலமும் 0.2% பிஎஸ்ஏயும் (மாட்டு ரத்தப் புரதம்) கலந்த கரைசலில் பத்து மடங்கு செறிவில் நீர்த்தல் வரிசை தயாரித்து, குழிக்கு 11 மைக்ரோலிட்டர் வையுங்கள். அதன்மேல் மில்லிலிட்டருக்கு சுமார் 5 லட்சம் சிஎஃப்யு (அகாரில் கூட்டமாக வளரக்கூடிய உயிரணுக்கள்) உள்ள பாக்டீரியா 100 மைக்ரோலிட்டர். அந்த எண்ணிக்கையை அகாரில் பரப்பி எண்ணிப் பாருங்கள். கலங்கலை மட்டும் நம்பாதீர்கள். பாக்டீரியா வளர்க்கும் முல்லர்-ஹின்டன் பிராத் நான்கு பெப்டைடுகளுக்கும் ஒரே பேட்ச்சாக இருக்க வேண்டும். கால்சியமும் மெக்னீசியமும் கிராம்-நெகட்டிவ் வகை பாக்டீரியாவின் வெளிச்சவ்வை இறுக்கிப் பிடிப்பவை. அவற்றின் அளவு மாறினால் எம்ஐசியும் மாறும்.

பெப்டைடு நம் அணுக்களையும் உடைக்கிறதா என்று பார்க்கும் ரத்தச் சிவப்பணுச் சிதைவுச் சோதனையில், எல்லா அணுவையும் உடைக்கும் டிரைட்டான் எக்ஸ்-100 சவர்க்காரம்தான் 100% அளவுகோல், பிபிஎஸ் (உப்புத் தாங்கல் கரைசல்) பூச்சியம். அணுக்களைக் கழுவும்போது மேல்நீர் தெளிவாகும்வரை விடாதீர்கள். பழைய ரத்தம் தானாகவே சிதையும். லேப்பில் கிடைக்கும் ஆட்டு ரத்தத்தில் வந்த எண்ணை, கட்டுரையில் மனித ரத்தத்துக்குப் போட்ட எண்ணோடு ஒப்பிடாதீர்கள். செம்மறியின் சிவப்பணுச் சவ்வுக் கொழுப்புகளில் ஸ்ஃபிங்கோமைலின் மிகுதி, பாஸ்ஃபடிடைல்கோலின் மிகச் சொற்பம்.

வைவாவில் கட்டாயம் வரும் கேள்வி: மெலிட்டின் ரத்த அணுவை உடைக்கிறது, மகைனின் ஏன் அவ்வளவாக உடைப்பதில்லை? மகைனினுக்கு எதிர்மின்சுமைக் கொழுப்பு வேண்டும். அது பாக்டீரியாச் சவ்வில் நிறைய, சிவப்பணுவின் வெளிப்பக்கத்தில் இல்லை. மெலிட்டினின் நீர்வெறுக்கும் முன்பாதி மின்சுமை பார்க்காமலே சவ்வுக்குள் புகும். "அப்படியானால் மகைனின் ஏன் மருந்தாகவில்லை?" என்று அடுத்துக் கேட்டால் பெக்சிகனானைச் சொல்லுங்கள். நீரிழிவுக் கால்புண்ணுக்கான அந்த மகைனின் வழிப் பெப்டைடுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1999இல் ஒப்புதல் மறுத்தது.