ஏணியை மடக்கும் முன் ஒரு சுற்று

போன முறை பெயின்ட் வேலை முடிந்தபோது சாயங்காலம் ஏழு மணி. டியூப்லைட் வெளிச்சத்தில் அறை அறையாக எட்டிப் பார்த்துவிட்டு, பிரமாதம் என்று சொல்லி மிச்சப் பணத்தையும் எண்ணிக் கொடுத்து அனுப்பினேன். மறுநாள் காலை ஜன்னலைத் திறந்தால் ஹால் சுவர் முழுக்க ரோலர் போன தடம் பட்டை பட்டையாகத் தெரிகிறது. போன் போட்டால் "நாளைக்கு வர்றேன் சார்" என்றார்கள். அந்த நாளை இன்னும் வரவில்லை.

அதனால் இந்த முறை வேலை பேசும்போதே மேஸ்திரியிடம் சொல்லிவிட்டேன். கடைசிக் கோட் அடித்த மறுநாள் காலையில் நீங்களும் நானும் சேர்ந்து ஒரு சுற்று பார்ப்போம், டச்சப் முடிந்தபிறகுதான் கடைசித் தவணை, அதுவரை ஏணியும் டப்பாவும் இங்கேயே கிடக்கட்டும் என்று. அவர் முகம் சுளிக்கவில்லை. மறுநாள் என்று வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எமல்ஷன் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும், ஆனால் பாதி காய்ந்த இடமும் ஈரமான இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நிறம் திட்டுத் திட்டாகத்தான் தெரியும். அதைப் பார்த்துச் சண்டை போடுவது வீண்.

குறை தெரிகிற இடத்தில் அடையாளம் வைக்க ஸ்டிக்கி நோட் ஒரு கட்டு வாங்கி வைத்திருந்தேன். சுவரில் பேனாவால் வட்டம் போடாதீர்கள். முன்பு ஒருமுறை மார்க்கரால் போட்டுவிட்டு, அதன் மேல் இரண்டு கோட் அடித்தும் அந்த வட்டம் உள்ளிருந்து எட்டிப் பார்த்தது. பசை பலமான டேப்பும் வேண்டாம், புது பெயின்ட்டையே உரித்துக்கொண்டு வரும்.

காலையில் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் படுகிற மாதிரி அடித்துப் பார்த்தேன். ஐயோ, என்னவெல்லாம் தெரிகிறது! பட்டி பார்த்த கரண்டியின் ஓரம், உப்புத்தாள் தேய்க்காமல் விட்ட மேடு, ரோலரிலிருந்து விழுந்து அப்படியே காய்ந்துபோன நூல். ஹாலில் மட்டும் நாற்பது சீட்டுக்கு மேல் ஒட்டிவிட்டேன், சுவருக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. மேஸ்திரி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "டார்ச் அடிச்சுப் பார்த்தா எந்த வீட்டுச் சுவரும் தேறாது சார்."

கோபம் வந்தது, ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அமெரிக்கப் பெயின்டிங் ஒப்பந்ததாரர்களுக்கென்று பி1 என்று ஒரு தரவிதி உண்டு. 39 அங்குலம், அதாவது ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி நின்று, வழக்கமான வெளிச்சத்தில், வெறும் கண்ணால் பார்க்கும்போது நிறமும் பளபளப்பும், அடிப்பரப்பு தெரியாமல் பெயின்ட் மூடியிருக்கிற விதமும் ஒரே சீராக இருக்க வேண்டும், வழிசலோ விட்டுப்போன இடமோ தெரியக் கூடாது என்பது அதன் சாரம். சரி, அப்படியே பார்ப்போம் என்று டார்ச்சை அணைத்துவிட்டு, திரையை விலக்கி, விளக்கையும் போட்டு இரண்டு பேரும் ஒரு மீட்டர் தள்ளி நின்றோம். நாற்பது பதினொன்றாகக் குறைந்தது. மற்ற சீட்டுகளை நானே பிய்த்தெடுத்தேன்.

ஒரு சுவரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. ஜன்னலை ஒட்டி நிற்கிற சுவர் அது. காலை வெயில் அதன் மேல் சாய்வாக வந்து விழும், அதாவது நான் டார்ச்சில் செய்ததைச் சூரியன் தினமும் செய்யும். மேஸ்திரியும் கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு ஒத்துக்கொண்டார். குறை இருக்கிற இடத்தில் மட்டும் பிரஷ்ஷால் தொட்டு வைத்தால் அது தனித் திட்டாகத் தெரியும், ஏனென்றால் பிரஷ் விடுகிற பதம் வேறு, ரோலர் விடுகிற பதம் வேறு. அதனால் தேய்த்துவிட்டு, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை முழுச் சுவருக்கும் இன்னொரு கோட் ரோலரில் அடித்தார்கள்.

ஆனால் பெரிய குறை சுவரில் இல்லை, கதவில்தான். செல்போனை செல்ஃபி கேமராவில் வைத்துக் கதவுக்கடியில் நீட்டிப் பார்த்தேன். அடி விளிம்பு வெறும் மரமாகவே இருந்தது, ஒரு சொட்டு ப்ரைமர்கூட இல்லை. ஏணியில் ஏறிப் பார்த்தால் மேல் விளிம்பும் அதே கதை. ஐந்து கதவில் நான்கு இப்படி! கண்ணுக்குத் தெரியாத இடம்தானே என்று விட்டுவிடுகிறார்கள், ஆனால் மரம் ஈரத்தைக் குடிப்பது முக்கியமாக அந்த விளிம்புகள் வழியாகத்தான். பழைய வீட்டில் குளியலறைக் கதவு ஊதிப்போய், ஒவ்வொரு முறையும் தோளால் இடித்துத் திறந்த அனுபவம் எனக்கு உண்டு. "பசங்க விட்டுட்டாங்க" என்று மேஸ்திரி முனகிக்கொண்டே கீலைக் கழற்றச் சொன்னார். அந்த நான்கு கதவுக்கே அரை நாள் போனது.

மற்றதெல்லாம் சீக்கிரம் முடிந்தது. எல்லா ஜன்னலையும் திறந்து மூடிப் பார்த்ததில் இரண்டு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தன, பிளேடால் கீறிப் பிரித்தார்கள். சுவிட்ச் போர்டு ஓரத்து மாஸ்கிங் டேப்பை ஒரு பையன் வேகமாக இழுக்க, காய்ந்த பெயின்ட்டும் தோலாக உரிந்து கூடவே வந்தது. அப்புறம்தான் முதலில் பிளேடால் கோடு போட்டுவிட்டு மெதுவாகச் சாய்த்து இழுத்தார்கள். இதை முதல் போர்டிலேயே செய்திருக்கலாம். தரையில் விழுந்த எமல்ஷன் சொட்டு சுரண்டினால் போய்விட்டது, எனாமல் சொட்டுக்குத் தின்னர் தேவைப்பட்டது.

கிளம்பும் முன் மிச்ச பெயின்ட்டைக் கேட்டு வாங்கினேன். டப்பா மூடியில் எந்த அறை, ஷேட் நம்பர், தேதி எல்லாம் எழுதி, லேபிளையும் பேட்ச் நம்பர் தெரிகிற மாதிரி படம் எடுத்து வைத்தேன். அதே ஷேட்டை வேறு பேட்ச்சில் வாங்கினால் லேசாக மாறலாம். மேஸ்திரி ஒன்று சொன்னார்: ஒரு மாதத்துக்குச் சுவரை ஈரத் துணியால் துடைக்காதீர்கள், மேலே காய்ந்தாலும் உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும்.

கடைசித் தவணையைக் கொடுத்தேன், ஏணி வண்டியில் ஏறியது. கையசைத்துவிட்டு உள்ளே வந்து படுக்கையறைக் கதவைச் சாத்தினால், அதற்குப் பின்னால் சுவரில் ஒரு மஞ்சள் சீட்டு அப்படியே இருக்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தேன், ஒரு மீட்டர் தள்ளி நின்று பார்த்தேன், டார்ச்சும் அடித்துப் பார்த்தேன். எதற்கு ஒட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. பிய்த்துக் குப்பையில் போட்டேன்.