முதல்ல விசா புதுப்பிக்கட்டும்

எங்கள் பான்ஜாங், அதாவது டீமின் மேஸ்திரி, சொன்னதில் தப்பில்லை என்றுதான் யார் கேட்டாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சொல்லி முடித்ததும் எனக்கே அது ஒட்டுவதில்லை. அதனால்தான் எழுதிப் பார்க்கிறேன்.

விஷயம் இவ்வளவுதான். தென் கொரியாவில் ஒரு கப்பல் கட்டும் தளம், 2025 இலையுதிர் காலம், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். எங்கள் வெல்டிங் டீமில் இருக்கும் வவுனியாப் பையன் வந்து, "அண்ணை, வெளியிலை நோட்டீஸ் குடுக்கிற அந்த யூனியனிலை நாங்களும் சேரேலுமோ எண்டு பான்ஜாங்கிட்டைக் கேட்டுச் சொல்லுங்கோ" என்றான். பான்ஜாங் மிக்ஸ் காபியைப் பேப்பர் கப்பில் கொட்டி, காலிப் பாக்கெட்டாலேயே கலக்கிக்கொண்டிருந்தார். இங்கே எல்லோரும் அப்படித்தான் கலக்குவார்கள், சூடு பட்டு அந்த பிளாஸ்டிக் என்னவாகிறது என்று யாரும் கவலைப்படுவதில்லை. நான் கொரியனில் கேட்டேன். அவர் கையை நிறுத்தாமல், "இப்ப வேண்டாம். முதல்ல விசா புதுப்பிக்கட்டும்" என்றார்.

நான் அதைச் சொன்னேன். பையன் விடவில்லை. "87இலை நீங்கள் ஆரைக் கேட்டுச் சேர்ந்தனீங்கள் எண்டு கேளுங்கோ."

87 அவனுக்கு எப்படித் தெரியும்? பான்ஜாங் வாயாலேயேதான். இரவு விருந்தில் சோஜு இரண்டு கிளாஸ் உள்ளே போனால் அவருக்கு உல்சான் தொழில் நகரத்துக் கதை வந்துவிடும், நான் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டிருப்பேன். 1987 ஜூனில் மாணவர்களும் நடுத்தர வர்க்கமும் தெருவுக்கு வந்து நேரடி அதிபர் தேர்தலை வாங்கினார்கள், ஜூலையில் இருந்து தொழிற்சாலைகள் வெடித்தன, மூன்றே மாதத்தில் 3,000க்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள். ஹியூண்டாய் கப்பல் தளத்தில் கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்தோடு முடியும் இருந்தது. ஆமாம், தலைமுடி. காலையில் கேட்டில் காவலாளிகள் கத்தரிக்கோலோடு நிற்பார்களாம், காதைத் தொட்டால் அங்கேயே வெட்டு. ஆகஸ்டில் ஃபோர்க்லிஃப்ட், டம்பர் லாரிகளை முன்னே விட்டு நம்மோக் மேட்டைத் தாண்டி நகர மைதானத்துக்கு ஊர்வலம் போனதை அவர் சொல்லும்போது கை தானாக ஸ்டியரிங் பிடிக்கும். அவருக்கு அப்போது இருபத்திச் சொச்சம்.

அப்படிப்பட்ட மனுஷனிடம்தான் இந்தக் கேள்வி. நான் கொஞ்சம் மழுப்பியிருக்கலாம், மழுப்பவில்லை, அப்படியே கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். "நான் யாரையும் கேட்கலை. ஆனா என்னை வேலையை விட்டுத் தூக்கியிருந்தா நான் இதே ஊர்லதான் இருந்திருப்பேன், மறுநாளும் கேட்டுக்கு வந்து கத்தியிருப்பேன். இவனைத் தூக்கினா பிளேன்ல ஏத்திருவாங்க" என்றார். கப்பைக் குப்பையில் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இதைத்தான் மனதுக்குள் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். பதிலில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. பையனின் விசா எங்கள் கம்பெனியோடு கட்டப்பட்டது. ஒப்பந்தம் நீளவில்லை என்றால் விசாவும் நீளாது, வேறு இடம் மாறுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊரில் ஏஜென்ட் கடன். அதே வருஷம் ஜூலையில் நாஜு செங்கல் சூளையில் ஒரு இலங்கைத் தொழிலாளியைச் சரக்கோடு சரக்காகக் கட்டி ஃபோர்க்லிஃப்டில் தூக்கிய வீடியோ வெளிவந்து அதிபரே கண்டித்த நாடு இது. பெரியவர் ஒருவர் பையனைக் காப்பாற்றப் பார்க்கிறார், இதில் என்ன?

ஆனால் பாதுகாப்பாக இரு என்று சொல்லிச் சொல்லித்தான் இந்த நாடு இந்த இடத்துக்கு வந்தது என்றும் தோன்றுகிறது. 97இல் பொருளாதாரம் நொடித்து, கடன் கொடுக்க ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) வந்தது. 98 பிப்ரவரியில் ஆட்குறைப்பும் ஏஜென்சி மூலம் ஆள் எடுப்பதும் சட்டமாயின. அந்தக் கோடையில் உல்சானிலேயே ஹியூண்டாய் கார் தொழிற்சாலையில் பெரிய போராட்டம், முடிவில் 277 பேருக்கு ஆட்குறைப்பு என்று சமரசம், அதில் 144 பேர் கேன்டீன் பெண்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்குச் சோறு போட்டவர்களே அவர்கள்தான். 2000இல் அதே தொழிற்சாலையில் யூனியனும் நிர்வாகமும், உள்ளே வேலை செய்யும் சப்கான்ட்ராக்ட் ஆட்கள் 16.9 சதவீதம் வரை இருக்கலாம் என்று கையெழுத்துப் போட்டன. அடுத்த நெருக்கடி வந்தால் அடி அந்தப் பக்கம் விழட்டும் என்பதுதான் அதன் அர்த்தம். யூனியனைத் திட்டுவது சுலபம். வேலை போய்த் தெருவில் நின்றவர்களைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவர்கள் வேறென்ன செய்வார்கள் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கையெழுத்து போன்றவை கூடிக்கூடித்தான் இன்று ஒரே கப்பலின் ஒரே பிளாக்கில், தளத்தை நடத்தும் தலைமைக் கம்பெனி ஆளும் சப்கான்ட்ராக்ட் ஆளும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே இரும்பு இணைப்பைப் பற்ற வைத்துவிட்டு வேறு வேறு சம்பளம் வாங்குகிறார்கள். ஹெல்மெட்டில் இருக்கும் பெயரைப் பார்த்தால் போதும். 2022இல் கோஜே தீவின் ஒக்போ கப்பல் தளத்தில் இருபது வருஷத்துக்கு மேல் அனுபவமுள்ள ஒரு சப்கான்ட்ராக்ட் வெல்டர், ஒரு கன மீட்டர் இரும்புக் கூண்டை வெல்டிங் செய்து தன்னை அதற்குள் அடைத்துக்கொண்டார். தொழில் படுத்த காலத்தில் வெட்டிய 30 சதவீதச் சம்பளத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 51 நாள் வேலைநிறுத்தம், கிடைத்தது 4.5 சதவீதம், கூடவே 4,700 கோடி வோன் இழப்பீட்டு வழக்கு. வெறுத்துப்போன வெல்டர்கள் கட்டுமான வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தக் காலியிடத்துக்குத்தான் வவுனியாவில் இருந்து ஆள் வந்தது. பான்ஜாங்கும் தலைமைக் கம்பெனியில் ஓய்வு பெற்று எங்களிடம் வந்தவர்தான், இப்போது அவர் ஹெல்மெட்டிலும் எங்கள் பெயர்தான்.

அன்று நான் இன்னொன்றும் செய்தேன். அவர் போன பிறகு பையனிடம், சேர உனக்கு உரிமை உண்டு, விசாவே இல்லாதவர்கூட யூனியன் அமைக்கலாம் என்று 2015இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்றேன். யாரும் கேட்காமல் சொன்னது. இதைச் சொன்னேன் என்று இங்கே எழுதுவதில் எனக்கு ஒரு திருப்தி இருக்கிறது, அதைத்தான் நம்ப முடியவில்லை. உரிமை உண்டு என்று சொல்வதற்கு எனக்குச் செலவு ஒன்றும் இல்லை. வேண்டாம் என்று சொன்னவருக்கு இருந்தது. அத்தனை விருந்துகளில் சொன்ன கதைக்கு எதிராகவே பேச வேண்டியிருந்தது, அதுவும் அதைக் கேட்டு வளர்ந்த பையன் முகத்துக்கு நேரே.

சரி, அப்புறம் நடந்தது. குளிர்காலத்தில் விசா நீண்டது. 2026 மார்ச் 10 முதல் மஞ்சள் உறைச் சட்டம் நடைமுறை. வேலை நிலைமையை உண்மையில் தீர்மானிப்பது தலைமைக் கம்பெனி என்றால் அதுவும் முதலாளிதான், பேச்சுவார்த்தைக்கு உட்கார வேண்டும், வேலைநிறுத்தம் செய்தவர்கள் மேல் இஷ்டத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. பழைய கார் கம்பெனிப் போராட்டம் ஒன்றில் தொழிலாளர்கள் 470 கோடி வோன் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தபோது மக்கள் மஞ்சள் உறையில் 47,000 வோன் போட்டு அனுப்பினார்கள், பெயர் அங்கிருந்து வந்தது. பையன் மறுபடி வந்தான். உனக்குத்தான் இப்போது கொரியன் வருகிறதே, நீயே கேள் என்று அனுப்பினேன். பான்ஜாங், "தனியாப் போகாதே. நாலு பேரா போ" என்றாராம்.

இதுதான் முதலிலேயே அவர் மனதில் இருந்ததா, சட்டம் மாறியதால் வந்த தைரியமா, இல்லை தொல்லை தாங்காமல் சொன்னாரா, தெரியவில்லை. கேட்டால் சிரிக்கிறார்.

பையன் மீதி மூன்று பேரைத் தேடிக்கொண்டிருக்கிறான். என்னையும் கேட்டான். நான் ஆபீசில் வருகைப் பதிவும் சம்பளப் பட்டியலும் பார்க்கிறவன், முதலாளியின் நலனுக்காகவே எப்போதும் செயல்படுபவர் சேர முடியாது என்று சட்டத்தில் இருக்கிறது, நான் அந்தக் கணக்கில் வரலாம் என்றேன். பொய்யில்லை, எடுத்துப் படித்தும் பார்த்தேன். வரலாம் என்றுதான் தோன்றுகிறது. வராமலும் போகலாம்.