கையுறையாக வந்த காந்தள்

பிப்ரவரி பிறந்துவிட்டால் வாட்ஸ்அப் குழுக்களில் ரோஜாப் பட்டியல் ஒன்று தவறாமல் வலம் வரத் தொடங்கிவிடுகிறது. சிவப்பு காதலுக்கு, மஞ்சள் நட்புக்கு, வெள்ளை தூய்மைக்கு என்று போகும் அந்தப் பட்டியலின் பூர்விகம் ஐரோப்பா. 1819இல் பாரிஸில், சார்லட் த லத்தூர் என்ற புனைபெயரில் வெளிவந்த மலர்களின் மொழி பற்றிய பிரெஞ்சு நூல் ஒன்று பெரும் வரவேற்பைப் பெற்றது. அதன் வழியில் பூவுக்குப் பொருள் சொல்லும் அகராதிகள் விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வரிசையாக வந்தன. 1884இல் கேட் கிரீனவே ஓவியங்களோடு வெளியிட்ட அகராதி அவற்றுள் பெயர்பெற்றது. அதில் மஞ்சள் ரோஜாவுக்குத் தரப்பட்டுள்ள பொருள் நட்பு அன்று. குறைந்துவரும் காதல், பொறாமை என்பதே. நம் ஊர் மாலைகளில் கிலோக்கணக்கில் தொடுக்கப்படும் செண்டுமல்லிக்கு அந்த அகராதி கொடுத்திருக்கும் பொருள் கீழ்த்தரமான மனம். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மாவிடம் இதைச் சொல்லிப் பார்க்கும் துணிவு எனக்கு இல்லை.

அகராதிப் பூமொழி செல்லுபடியாக வேண்டுமானால் கொடுப்பவரிடமும் வாங்குபவரிடமும் ஒரே புத்தகம் இருந்தாக வேண்டும். மாறாக, வேலை முடிந்து வீடு திரும்பும் கணவர் வாழையிலைப் பொட்டலத்தில் மல்லிகையும் கால் கிலோ அல்வாவுமாகத் தெருவில் நுழைந்தால், எதிர்வீட்டுத் திண்ணைக்குக்கூடச் செய்தி எட்டிவிடுகிறது. பூவின் பொருளை நிறத்தில் தேடாமல், அது எங்கிருந்து வந்தது, யார் கையில் இருக்கிறது, யார் கண்ணில் படுகிறது என்பவற்றில் தேடும் பழக்கம் நம்மிடம் மிகப் பழையது. சங்க அகப்பாடல்களில் காதலன் தரும் பூவும் தழையும் அப்படித்தான் பேசுகின்றன என்பது என் எண்ணம்.

காதலன் கையோடு கொண்டுவரும் அன்பளிப்பை உரைகாரர்கள் கையுறை என்பார்கள். பெரும்பாலும் அது பூவாக இருக்கும். இல்லையென்றால் தழையாக, அதாவது இலையும் பூவும் சேர்த்துத் தொடுத்து இளம்பெண்கள் இடையில் அணியும் உடையாக இருக்கும். அவன் அதை நேரே காதலியிடம் நீட்டுவதில்லை, தோழியிடம்தான் தருகிறான். தோழியோ உடனே வாங்கிக்கொள்வதில்லை. குறுந்தொகையில் கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் முதல் பாட்டே, திப்புத்தோளார் பாடியது, இப்படிப் பூவை மறுக்கும் பாட்டுத்தான். நான்கே அடிகள். போர்க்களம் சிவக்க அவுணரை, அதாவது அசுரரை, கொன்றழித்த சேயாகிய முருகனின் குன்றம் இது என்று தொடங்கும் தோழி, அந்த முருகனுடைய அம்பும் சிவப்பு, யானையின் கொம்பும் சிவப்பு என்று அடுக்கிக்கொண்டே போய், 'குருதிப் பூவின் குலைக்காந் தட்டே' என்று முடித்துவிடுகிறாள். குருதிநிறப் பூக்கள் கொத்துக்கொத்தாகப் பூக்கும் காந்தள் இந்தக் குன்றிலேயே நிறைந்து கிடக்கிறது என்பது அவள் சொன்னது. ஆகவே நீ கொண்டுவந்தது எங்களுக்குப் புதிதன்று, எடுத்துப் போகலாம் என்பது அவள் சொல்லாமல் விட்டது. 'வேண்டாம்' என்ற சொல் பாட்டில் எங்குமே இல்லை.

காந்தளை நேரில் பார்த்தவர்களுக்கு இந்த மறுப்பின் கூர்மை இன்னும் நன்றாகப் புரியும். கார்த்திகைப் பூ என்றும் கண்வலிக்கிழங்குக் கொடி என்றும் ஊர்களில் சொல்லப்படும் அதே செங்காந்தள்தான். தமிழ்நாட்டின் மாநில மலர். மழைக்காலத்தில் வேலியிலும் புதரிலும் ஏறிப் படரும் அந்தக் கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருண்டு பக்கத்திலுள்ள செடியைப் பிடித்துக்கொள்ளும். ஆறு இதழ்களும் பின்னோக்கி மேலே வளைந்து, ஓரம் நெளிநெளியாக, அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக எரிவது போல நிற்கும். நாளாக ஆக மஞ்சள் மறைந்து முழுவதும் சிவந்துவிடும். கிழங்கும் விதையும் கடும் நஞ்சு. அழகும் ஆபத்தும் முருகனின் சிவப்பும் ஒரே கொடியில் சேர்ந்திருப்பதால், காதலைப் பற்றி ஒரு பூவால் சொல்ல வேண்டியதையெல்லாம் அது தானாகவே சொல்லிவிடும் என்று காதலன் நம்பியிருக்கலாம். ஆனால் தோழி கணக்குப் பார்ப்பது பூவின் அழகை அன்று. எங்களிடம் இல்லாத எதை நீ கொண்டுவந்தாய் என்பதே அவளுடைய கேள்வி.

கையுறை மறுக்கப்பட்டவன் கையில் எஞ்சியிருக்கும் ஆயுதம் மடல். குறுந்தொகை 17ஆம் பாட்டு அதைச் சொல்கிறது: காமம் முற்றிவிட்டால் ஆண்கள் பனைமடலைக் குதிரையென்று ஏறுவார்கள், எருக்கம் மொட்டுகளைப் பூவென்று தலையில் சூடுவார்கள், தெருவில் பிறர் ஆர்ப்பரித்து நகைக்கும்படியும் ஆவார்கள். காந்தளை அவள் சூடவில்லை என்றால் யாரும் விரும்பிச் சூடாத எருக்கை நான் சூடி, உங்கள் தெருவிலேயே வருவேன் என்கிற மிரட்டல் இது. இன்றைய கண்ணுக்கு இது அன்பாகத் தெரிவதைவிட வற்புறுத்தலாகவே தெரிகிறது, எனக்கும் அப்படித்தான். பெண் மடலேறும் வழக்கம் எந்தத் திணையிலும் இல்லை என்று தொல்காப்பியம் விலக்கிவைத்திருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஊரறியப் பூச்சூடிக் கூச்சலிடும் உரிமை யாருக்கு இருந்தது என்பது தெளிவாகும்.

கையுறைப் பாடல்களில் எனக்கு மிகவும் பிடித்தது நற்றிணையின் 359ஆம் பாட்டு. கபிலர் பாடியது. இங்கே தழை ஏற்கெனவே தோழியின் கைக்கு வந்துவிட்டது. இனி அதை என்ன செய்வது என்பதுதான் சிக்கல். உடுத்தினால் தாய்க்கு அஞ்ச வேண்டும். திருப்பிக் கொடுத்தால் அன்பனுக்கு நேரும் துன்பத்துக்கு அஞ்ச வேண்டும். இரண்டுக்கும் நடுவே தழை வாடிப்போய்விடுமோ என்று கவலைப்படுகிறாள். அதுவும் எப்படிப்பட்ட தழை? அவனுடைய மலையில், வருடை ஆடுகூடப் பாயத் தயங்கும், அணங்கு உறையும் சரிவில் பறித்த, கொய்வதற்கு அரிய தழை. குறுந்தொகைத் தோழி கேட்ட கேள்விக்கு இங்கே விடை வந்துவிடுகிறது. எங்கும் கிடைக்கும் காந்தளுக்கு இல்லாத மதிப்பு, உயிரைப் பணயம் வைத்துப் பறித்த இலைக்குக் கிடைக்கிறது.

இதே பாட்டின் தொடக்கத்தில், போகிற போக்கில் சொல்வது போல ஒரு காட்சியை வைத்திருக்கிறார் கபிலர். மலைச்சரிவில் மேய்ந்த பசு ஒன்று அசையும் காந்தள் குலையில் உரசிவிடுகிறது. மகரந்தம் அதன் உடம்பெல்லாம் உதிர்கிறது. வீடு திரும்பிய தாயைப் பார்த்துக் கன்று மருள்கிறது. பூவின் தூள் பட்டதற்கே பெற்ற தாயைக் கன்றுக்கு அடையாளம் தெரியவில்லை என்றால், பூவும் தழையுமாக மகள் வீட்டுக்குள் நுழைந்தால் தாய்க்கு என்ன ஆகும்? அங்கே கன்று தாயைப் பார்த்து மருள்கிறது, இங்கே தாய் மகளைப் பார்த்து மருளப் போகிறாள் என்று நான் படித்துக்கொள்கிறேன்.

தழையை உடுத்தியவளின் வீட்டில் நடப்பதைக் குறுந்தொகை 214 காட்டுகிறது. காதலன் அவளுக்குப் பெருந்தழை கொடுத்திருக்கிறான். அதற்காகப் பறித்துப் பறித்துச் செயலை மரம், அதாவது அசோகு, அடியோடு வெறுமையாக நிற்கிறது. ஊராரோ அவளுடைய மாற்றத்துக்குக் காரணம் தெய்வம் என்று எண்ணி, வெறியாட்டு என்னும் சாமியாட்டம் நடத்தி அரலை மாலை சூட்டி மயங்கிக் கிடக்கிறார்கள். மொட்டையாக நிற்கும் மரத்தை ஒரு பார்வை பார்த்திருந்தால் போதும், யாரும் பார்க்கவில்லை.

தராமலேயே வந்து சேர்ந்த பூவும் உண்டு. குறுந்தொகை 361இல், அவனுடைய மலையில் மாலையில் பெய்த மழை காலையில் வெள்ளமாக இறங்கி வரும்போது ஒரு காந்தளை வேரோடு அடித்துக்கொண்டு வருகிறது. காதலி அதை எடுத்து, மெல்லிய இலைகள் குழையக் குழையத் தழுவி, வீட்டுக்குக் கொண்டுபோய் நட்டுவைக்கிறாள். தாய் அதைக் கண்டும் கடியவில்லை. அவளுக்குக் கைம்மாறாக மேலுலகத்தைக் கொடுத்தாலும் சிறிதுதான் என்கிறாள் மகள். குன்றெங்கும் கிடைப்பதென்று தோழி தள்ளிவிட்ட அதே காந்தள், அவன் மலையிலிருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் இங்கே தழுவப்படுகிறது. தாய்க்கு உண்மையிலேயே விவரம் தெரியாதா, தெரிந்தும் பேசாமல் இருந்தாளா என்பதைப் பாட்டு சொல்லவில்லை. தெரிந்துதான் இருந்தாள் என்பது என் கட்சி.

கலித்தொகை 115ஆம் பாட்டில் அந்த மாதிரி மறைப்புக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது. இது மலையன்று, முல்லைநிலத்து ஆயர் வீடு. ஆயர் மகன் சூடி வந்த முல்லைச் சரத்தையும் கண்ணியையும் வாங்கித் தன் கூந்தலுக்குள் வைத்து முடிந்துகொள்கிறாள் பெண். வெண்ணெய் தடவுவதற்காகச் செவிலித்தாய் கூந்தலை அவிழ்க்க, பெற்ற தாயும் தந்தையும் இருந்த இடத்தில், தாயின் கண்ணெதிரே அந்தப் பூ விழுகிறது. தாய் எதுவும் கேட்கவில்லை, திட்டவுமில்லை. நெருப்பைத் தொட்டவள் போலக் கையை உதறிக்கொண்டு வெளிவாசலுக்குப் போய்விடுகிறாள். ஒற்றைச் சரம் முல்லைக்கு இதைவிடத் தெளிவான உரை எந்த அகராதியிலும் இல்லை.

பதறிப்போய் வந்தவளைத் தோழி தேற்றுகிறாள்: நீ அஞ்சாதே, அவன் கண்ணியை நீ சூடியது வெளிப்பட்டுவிட்டதால் வீட்டார் உன்னை அவனுக்கே கொடுப்பது என்று முடிவுசெய்துவிட்டார்கள், முற்றத்தில் மணல் பரப்பித் திரை கட்டித் திருமணத்தையும் இங்கேயே நடத்தப் போகிறார்கள்.